சுகிர்தன் பெயரில் ஒரு மீன்

செப்டெம்பர் 18, ஞாயிறு

ஆறு தெளிவு. தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேல். சால்மன் ஒன்று, ஆண், பதினெட்டு இறாத்தல் தேறும். தலை இல்லை.

தலை இல்லாத கதையை எழுதத்தான் வேண்டும். காலை ஏழு மணிக்கே போர்ட் ஹோப் போய்விட்டேன். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். கடல் போன்ற வாவியிலிருந்து ஆற்றுக்குள் சால்மன் ஏறத் தொடங்கி ஒரு கிழமைதான். இன்னும் வெள்ளி நிறம் போகாத மீன்கள். ஆற்றில் இரண்டு கிழமை கிடந்தால் கறுத்து, சதை தண்ணியாகிக் கறிக்கு உதவாமல் போய்விடும். ஆகவே இப்போதே பிடிக்க வேண்டும். ஒன்பதரைக்கு மிதப்பு தாழ்ந்தது. இருபது நிமிடம் என்னை ஆற்றுக்குள் இழுத்துத் திரிந்தது. கரையில் போட்டபோது எனக்கும் மூச்சில்லை, அதற்கும் மூச்சில்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டை வந்தாள். செம்மஞ்சள் மேற்சட்டை, அதில் அரசாங்கச் சின்னம், கையில் கொப்பி, இடுப்பில் கத்தி. அவள் கதைத்த இங்கிலீசில் பாதி ஆற்றோடு போய்விட்டது. மீதிப் பாதிக்கு "யெஸ், யெஸ்" என்றேன். அவள் மீனின் முதுகைத் தடவினாள். வாலுக்குக் கிட்ட இருக்க வேண்டிய சின்னச் செட்டை அதில் இல்லை. யாரோ வெட்டிவிட்ட மாதிரி மழுக்காக இருந்தது. "ஆஹா" என்று எழுதிக்கொண்டாள். அளந்தாள். பிறகு இன்னொரு முறை ஏதோ கேட்டாள், நான் இன்னொரு முறை "யெஸ்" சொன்னேன். கத்தியை எடுத்து மீனின் தலையை வெட்டி, ஒரு பையில் போட்டு, அட்டை கட்டினாள். அட்டையில் எழுதப் பெயரும் விலாசமும் கேட்டாள். சொன்னேன். ஒரு துண்டுக் கடதாசி தந்தாள். ஈரக் கையால் வாங்கினேன், அது றப்பர் காற்சட்டைக்குள் விழுந்து கூழாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் சுகிர்தன் கேட்கிற முதல் கேள்வி, "தலை எங்க அண்ணை?"

"மணத்தது. எறிஞ்சிட்டன்."

"காலமை பிடிச்ச மீன் எப்பிடி அண்ணை மணக்கும்? தலையில்லாமச் சொதி வைக்கிறதோ?"

இவன் என்னோடு இந்த பேஸ்மென்றில் இருக்கத் தொடங்கி மூன்று வருசம். ஒழுங்காக ஒரு சப்பாத்தைக் கழற்றி வைக்கத் தெரியாது. குறட்டை வேறு. அகதி வழக்குப் போட்டுவிட்டு விசாரணைத் திகதிக்குக் காத்துக்கொண்டிருக்கிறான். மனைவி யசோவும் மகள் ஆரணியும் யாழ்ப்பாணத்தில். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. வழக்கு வென்றால் அவர்கள் இங்கே வரலாம். தோற்றால் இவன் அங்கே போக வேண்டும். போனால் என்ன நடக்கும் என்று நாங்கள் கதைப்பதில்லை.

நேற்றுப் பின்னேரம் முழுக்க அவனுடைய படிவங்களை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்து வடிவானது.

அக்டோபர் 2

இதையும் எழுதிவிட வேண்டும். அந்தப் பெட்டையிடம் நான் சொன்ன பெயர் என் பெயர் இல்லை.

என் பெயர் பஞ்சலிங்கம். நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருசமாக ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நாட்டில் நிரந்தரமாக இருக்க உரிமை கிடைத்து எவ்வளவோ காலம். எனக்கு ஒருவருக்கும் பயப்படத் தேவையில்லை. ஆனால் சீருடையும் கொப்பியுமாக ஒரு ஆள் முன்னால் நின்று பெயர் கேட்டால், ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற காலத்துப் பழக்கம், நாக்கு தன்பாட்டில் வேறு பெயர் சொல்லிவிடும். அன்றைக்கு மீன்பிடி லைசென்ஸ் வேறு மற்ற ஜக்கெற்றுக்குள் கிடந்தது. வேறு பெயர் என்றால் எது வரும்? முதல்நாள் முழுக்க எதை எழுதினேனோ அதுதானே வரும். கதிர்காமத்தம்பி சுகிர்தன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். விலாசமும் சொன்னேன்.

செட்டை வெட்டின மீன் பிடிக்கக்கூடாத மீனாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையை ஏன் பையில் போட்டுக் கட்டுகிறார்கள்? அது சாட்சிப் பொருள். வழக்கு வரப்போகிறது, அவனுடைய பெயருக்கு.

நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்று இந்த டயறிக்காவது தெரியட்டும்.

அக்டோபர் 9

தபாற்பெட்டியை அவனுக்கு முதல் நான் பார்க்கிறேன். இன்றும் ஒன்றுமில்லை.

அக்டோபர் 23

மழை. ஆற்றுக்குப் போகவில்லை.

மழை பெய்யவில்லை.

நவம்பர் 9

சுகிர்தனோடு லோயரிடம் போனேன். அவனுக்கு இங்கிலீசு என்னைவிட நன்றாக வரும். இருந்தாலும் ஒரு துணைக்கு. லோயர் தமிழ்ப் பிள்ளை, நல்ல மனுசி. அகதி வழக்குக்கு அவன் எழுதின நாற்பத்திரண்டு பக்கக் கதையை வரிவரியாகக் குடைந்து கேட்டாள். கடைசியில் பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்ச வந்தாப் பிறகு பொலிஸ், அதிகாரி, ஆராவது உங்களை மறிச்சு விசாரிச்சதோ? சின்ன விசயமெண்டாலும் இப்ப சொல்லுங்கோ. நாங்கள் சொல்லாம விட்டு அவை கண்டுபிடிச்சா, இதை மறைச்சவர் மற்றதையும் பொய்தான் சொல்லியிருப்பார் எண்டு நினைப்பினம். பிறகு முழுக் கதையும் போச்சு."

சுகிர்தன் நிமிர்ந்து இருந்து, "நான் றோட்டுச் சிவப்பு விளக்கைக்கூட மீறேல்லை அக்கா" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுப் பாருங்கோ அண்ணையிட்ட" என்றான்.

"ஓம்" என்றேன். வரும் வழியில் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் இடம் கிடைத்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். அவன் ஆரணிக்கு எந்த மாதிரிச் சப்பாத்து வாங்கலாம் என்று கதைத்துக்கொண்டு வந்தான். சொல்லவில்லை.

நவம்பர் 27

ஆற்றில் சால்மன் முடிந்துவிட்டது. முட்டையிட்டுச் செத்த மீன்கள் கரை முழுக்கக் கிடந்து நாறுகின்றன. அவற்றின் முட்டையைத் தின்ன ஸ்டீல்ஹெட் ஏறியிருக்கிறது. சால்மன் சாவதற்கு ஏறுகிற மீன். ஸ்டீல்ஹெட் முட்டையிட்டுவிட்டுத் திரும்பி வாவிக்குப் போய், மறுவருசமும் வரும். அதனால்தானோ என்னவோ எனக்கு ஸ்டீல்ஹெட்டில் ஒரு மரியாதை.

இன்றைக்கு ஆட்கள் நிற்கும் இடத்தை விட்டு மேலே வெகுதூரம் போனேன். விரலெல்லாம் விறைத்துவிட்டது. பதினொரு மணிபோல் மரங்களுக்குள் செம்மஞ்சள் மேற்சட்டை தெரிந்தது. தூண்டிலை மண்ணில் போட்டுவிட்டு ஒரு கட்டைக்குப் பின்னால் குந்திவிட்டேன். வந்தது தண்டவாளம் பார்க்கிற ஆள். குந்தியிருந்த என்னைப் பார்த்து, நான் வேறு அலுவலாக இருக்கிறேன் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

மீன் இல்லை.

டிசம்பர் 31

வாழ்த்துச் சொல்ல யசோ போன் எடுத்தா. நான் குளியலறையில் நின்றேன், கதைக்கவில்லை.

ஜனவரி 16, திங்கள்

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, தூண்டில் எடுக்காமல் போர்ட் ஹோப் போனேன். ஆறு கரையோரம் உறைந்து நடுவில் மட்டும் ஓடுகிறது. நான் போனது ஆற்றுக்கில்லை. அணைக்குப் பக்கத்தில் அரசாங்க மீன்பகுதிக்காரரின் சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு. "ஐ ஆம் த மேன். நொட் சுகிர்தன்." வழி முழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்.

கதவு பூட்டு. கண்ணாடிக்குள் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அடுத்த வளவில் பனி தள்ளிக்கொண்டு நின்ற மனுசி, அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் படிக்கிற பிள்ளைகள், இனி இளவேனிலுக்குத்தான் வருவார்கள் என்று கையாலும் வாயாலும் விளக்கினாள்.

உண்மை சொல்ல ஒருக்கால் துணிந்து போனேன், கேட்க ஆளில்லை. திரும்பி வந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சுகிர்தனுக்குப் பிடிக்கும். சாப்பிட்டுக்கொண்டே, "என்ன அண்ணை, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றான்.

"உன்ர குறட்டைதான்."

"நான் வேணுமெண்டா கதிரையில இருந்து படுக்கிறன்."

இப்படியான ஆளை என்ன செய்வது.

பெப்ரவரி 12

விசாரணைத் திகதி வந்துவிட்டது. ஏப்ரல் 12. கடித உறையைக் கண்டபோது மீன் வழக்குத்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது இல்லை என்று தெரிந்தபிறகும் உறையின் மூலையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஆரணி தொலைபேசியில் என்னைத்தான் கேட்டாளாம். "பெரியப்பா, ஐஸுக்குள்ள மீனுக்குக் குளிராதோ?"

"அதுக்குக் குளிர் பழக்கம் அம்மா."

"அப்பாக்கும் பழகிட்டுதோ?"

"பழகிட்டுது."

"நான் வந்தா எனக்கும் பழகுமோ?"

பழகும் என்றேன். போனைச் சுகிர்தனிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சும்மா கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவினேன்.

அவர்கள் வந்தால் நான் வேறு இடம் பார்க்க வேண்டும். நல்லதுதான். குறட்டை இல்லாமல் நித்திரை கொள்ளலாம். சப்பாத்து இடறாது. பதினோரு வருசத்தில் முதல் எட்டு வருசம் தனியாகத்தானே இருந்தேன். அது ஒன்றும் புதுசில்லை.

மார்ச் 19

பனி உடைந்து ஆறு திறந்துவிட்டது. தண்ணீர் தேத்தண்ணி நிறம். ஸ்டீல்ஹெட் ஒன்று, பெண், ஆறு இறாத்தல். தூக்கி முதலில் முதுகைத்தான் பார்த்தேன். செட்டை இருந்தது. முழுச் செட்டை. வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிற மீன். கையில் லைசென்ஸும் இருந்தது.

விட்டுவிட்டேன். தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன், வால் ஒரு அடி அடித்தது, போய்விட்டது. வயிற்றில் சினை இருந்தபடியால் விட்டேன்.

சினைக்காக ஒரு யாழ்ப்பாணத்தான் மீனை விட்டதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

வந்துவிட்டது.

ஆறு மாதமாக நான் முந்திப் பார்த்த தபாற்பெட்டியை இன்றைக்கு அவன் முந்திவிட்டான். நான் வேலையால் வர மேசையில் வெள்ளை உறை, நீளமானது, மூலையில் அரசாங்கச் சின்னம். சுகிர்தன் எதிரில் இருந்தான். உறையைத் திறக்கவில்லை.

"அண்ணை, விசாரணைக்கு எட்டு நாள் கிடக்கு. அதுக்குள்ள இது என்னண்ணை? திகதியைத் தள்ளிட்டினமோ? இல்லை, வேண்டாமெண்டே முடிவெடுத்திட்டினமோ? எனக்குத் திறக்க ஏலாது. நீங்கள் திறவுங்கோ."

உறையைக் கையில் எடுத்தேன். பார்த்தால் மீன்பகுதி. திறந்து, வாசித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில் அதற்கும் ஒரு பொய் என் வாயில் தயாராக வந்து நின்றது. அதுதான் எனக்கு அருவருத்துப் போய்விட்டது. உறையை மேசையில் வைத்தேன்.

"இது உன்ர வழக்கில்லை. இது என்ர வழக்கு. நான் உன்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டை, செட்டை, தலை, அட்டை, லோயர் முன்னால் "ஓம்" சொன்னது, பூட்டின கதவு. அவன் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ர பேரையோ?"

"ஓம்."

"உங்கட பேருக்கு என்ன நடந்தது?"

நான் உறையை அவன் பக்கம் தள்ளினேன்.

"ஆறு மாசம் அண்ணை. அந்த மனுசி அவ்வளவு சொல்லியும், பக்கத்தில இருந்துகொண்டு பேசாம இருந்தியள். பிள்ளையோட போனில கதைச்சியள். ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ போயிடுவாய் எண்டு."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்ல நினைத்தது வேறு.

அவன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். முக்கால் மணித்தியாலம். நான் கதிரையை விட்டு அசையவில்லை. உறையைத் தொடவுமில்லை. அவனுக்கு அந்த வழக்கு மட்டும் தோற்றால் நான் இந்த ஊரில் எந்த முகத்தோடு திரிவது என்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யசோவுக்கு யார் சொல்வது என்றும் யோசித்தேன். நான்தான் சொல்ல வேண்டும்.

வந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தான். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. உட்கார்ந்து உறையைக் கிழித்தான். வாசித்தான். திருப்பி முதலில் இருந்து வாசித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னவாம்? கோட்டுக்குப் போகவேணுமாமோ?"

"மிஸ்டர் சுகிர்தனுக்கு நன்றியாம்."

"என்ன?"

"மீன் தலை தந்ததுக்கு நன்றியாம் அண்ணை."

பிறகு வரிவரியாகத் தமிழில் சொன்னான். அந்த மீனை ஒரு பண்ணையில் முட்டையிலிருந்து பொரிக்க வைத்து வளர்த்தார்களாம். விரல் நீளத்தில் இருந்தபோது அடையாளத்துக்குச் செட்டையை வெட்டி, மூக்குக்குள் மயிரளவு கம்பி ஒன்றை வைத்து விட்டார்களாம். கம்பியில் இலக்கம் இருக்கிறது. நான் பிடித்த நாளுக்கு மூன்றரை வருசத்துக்கு முதல், இளவேனிலில், மேற்குப் பக்கத்து ஆறொன்றில் விடப்பட்டது. வாவியில் திரிந்து வளர்ந்தது. விட்ட ஆற்றுக்குத் திரும்பாமல் எங்கள் ஆற்றில் வந்து ஏறியிருக்கிறது. சில மீன்கள் அப்படி மாறி ஏறுவதுண்டாம். எத்தனை மாறுகின்றன என்று அறியத்தான் தலை சேர்க்கிறார்கள். பிடிப்பது குற்றமில்லை. தலையைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. விரும்பினால் கொடுக்கலாம்.

"விரும்பினால் கொடுக்கலாமோ" என்று கேட்டேன்.

சுகிர்தன் கடிதத்தை மேசையில் தட்டையாக விரித்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ர கதை நாற்பத்திரண்டு பக்கம் அண்ணை. படம், பத்திரம், கிராம சேவையாளரின்ர கடிதம், தழும்புக்கு டொக்டரின்ர கடிதம். எல்லாம் வைச்சும் நம்புவினமோ தெரியாது. இவரைப் பாருங்கோ. எங்க பிறந்தவர், எங்கால வந்தவர், ஏன் சொன்ன இடத்துக்குப் போகாம இஞ்ச வந்தவர், எல்லாம் அரைப் பக்கத்தில முடிஞ்சுது. ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேக்கேல்லை."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். முதலில் மூக்கால், பிறகு மேசையில் தலையைப் போட்டு. "அந்தத் தலையைத் தந்திருந்தா நான் அண்டைக்கே சூப்பி எடுத்திருப்பன், கம்பியும் பல்லில தட்டியிருக்கும்" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கினது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். இரவு அவன் குறட்டை விட்டான். கேட்டுக்கொண்டு படுத்தேன்.

ஏப்ரல் 5

கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குச் சுகிர்தன் போன் எடுத்து, மீன் தன்னுடையது இல்லை, பஞ்சலிங்கத்தாருடையது என்று திருத்தினான். அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லையாம். லோயருக்கும் நானே எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அண்ணை, இதுக்கோ ஆறு மாசம் நித்திரை கொள்ளாமல் இருந்தனீங்கள்" என்றாள்.

ஏப்ரல் 10

அவனுடைய வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினேன். அவன் பண்ணினால் முதுகில் சுருக்கு விடுவான்.

ஏப்ரல் 12, புதன்

இரண்டே முக்கால் மணித்தியாலம் உள்ளே. உறவில்லாத ஆட்களுக்கு உள்ளே இடமில்லை என்றபடியால் நான் வெளியில், லிப்டுக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்தேன். சுவரில் மணிக்கூடு இல்லாதது நல்லதாகப் போயிற்று. சுவாமி படம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கவில்லை, கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து லோயர் முதலில் வந்தாள். பிறகு சுகிர்தன். நடை ஒரு மாதிரி இருந்தது.

"ஓமெண்டிட்டினம் அண்ணை. அங்கயே வைச்சுச் சொல்லிட்டினம்."

அவன் வந்து பக்கத்தில் இருந்தான். உள்ளே என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். எல்லாம் கேட்டார்களாம். கடைசியாக அந்த அதிகாரி அம்மா, இந்த நாட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னனி?"

"அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், வெளியில வாங்கில இருக்கிறார் எண்டன்."

"அடேய், படிவத்தில சகோதரம் இல்லையெண்டு நான்தானே என்ர கையால எழுதினனான். சத்தியம் பண்ணிப்போட்டு இப்பிடிச் சொல்லலாமோ?"

"அவவும் படிவத்தைப் பிரட்டிப் பாத்திட்டு அதைத்தான் கேட்டா. கூடப் பிறந்தவரோ எண்டு."

"நீ?"

"இல்லை, கூட இருக்கிறவர் எண்டன். யசோவும் பிள்ளையும் வந்தாப் பிறகும் எங்களோடதான் இருப்பார் எண்டன். எழுதிக்கொண்டா."

அந்த வாங்கிலேயே, போகிற வருகிற சனம் எல்லாம் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். சுகிர்தன் பயந்துபோய் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, ஓமெண்டுதான் சொன்னவை, உங்களுக்கு விளங்கினதோ, ஓமெண்டுதான் சொன்னவை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.